விருந்தாளித் துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

"நிறுத்துங்க! சுடாதீங்க!"

கத்தியது நான்தான். என் குரலுக்கு அவ்வளவு நீளம் உண்டு என்று அதுவரை எனக்கே தெரியாது.

மலையடிவாரத்துச் சுடுதளம் அது. முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் கிடந்தது. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலியில் பெரிய அதிகாரி, காதுமூடியை மாட்டிக்கொண்டு, டீ கிளாஸைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கோ புதருக்குள் ஒரு மயில் அகவியது.

எங்களுக்கு முன்னால், பாய் மேல் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்திருந்தார் இளங்கோ. வெளியூரிலிருந்து வந்த சிறப்புக் குழுவில் குறிபார்த்துச் சுடுகிறவர். முப்பது வயது இருக்கும். மீசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருக்கும். அவர் துப்பாக்கியின் முனையில் ஒரு சாண் நீளக் கறுப்புக் குழாய். சைலன்சர்.

அவருடைய விரல் விசைக்குப் போகிற நேரத்தில்தான் நான் கத்தினேன்.

நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எங்கள் ஆர்.ஐ. ஐயா, அதாவது எங்கள் கிடங்குக்கு மேலாளரான இன்ஸ்பெக்டர், என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

மரை பேசக் கூடாது

எந்தப் படை, எந்தக் கிடங்கு என்பதை எழுதுவது முறையில்லை. நான் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்தேன், துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற வேலை, என்பது மட்டும் இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக இந்த வாரம் வந்தவர்களுக்காகத்தான் இந்த இரண்டு வரி.

ஒரு சின்னப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், உண்மை. ஆனால் வேலையில் முக்கால்வாசி நானாகப் பார்த்து, நானாகக் கெடுத்து, நானாகச் சரிசெய்து கற்றுக்கொண்டது. கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மணிலா, அதாவது நிலக்கடலை, போடுகிற நிலம் உண்டு. அங்கே மோட்டார் ரிப்பேருக்கு வருகிற பாஷா அண்ணன் குழாயை மரையில் திருகி மாட்டும்போது ஒன்று சொல்வார்: "மரை ஏறும்போது பேசக் கூடாது பாப்பா. கிரீச்னு பேசிச்சுன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம். பலத்தைக் காட்டாத, கழட்டிட்டு மறுபடி வை."

மனிதர்கள் போகிற போக்கில் சொல்கிறதை எல்லாம் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. பாஷா அண்ணன் சொன்னதை எழுதாமலே மனசில் வைத்திருந்தேன். பிற்காலத்தில் கிடங்கில் எனக்குச் சோறு போட்டது அந்த வாக்கியம்தான் என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியே பாதி உலகத்தைப் பார்த்தவர். "எல்லாப் பொம்பளையும் வீட்ல பாத்திரம் தேய்க்கிறாங்க. எம் பொண்டாட்டி துப்பாக்கி தேய்க்கிறா. நான் வாயத் திறப்பனா?" என்று சவாரி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். வாயைத் திறந்துதான் சொல்வார்.

பச்சை டேப், சிவப்பு டேப்

அந்த வருஷம் தீபத் திருவிழா பந்தோபஸ்துக்கு முன்கூட்டியே பயிற்சி என்று அந்தச் சிறப்புக் குழு வந்து எங்கள் ஊரில் இரண்டு வாரம் தங்கியது. அவர்களுடைய ஆயுதங்கள் எங்கள் கிடங்கில்தான் இருந்தன. அவற்றோடு சைலன்சர்களும் வந்தன. நான் கையால் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சினிமாவில் பார்த்து நாம் நினைப்பது போல எந்தத் துப்பாக்கியிலும் எந்தக் குழாயையும் திருகிவிட முடியாது. குழாய்க்குள்ளே வரிசையாகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் நடுவில் ஓட்டை. குண்டைவிட மயிரிழைதான் பெரிய ஓட்டை. குண்டு அதன் வழியாக எதையும் தொடாமல் போக வேண்டும்.

அவர்களிடம் இரண்டு ரகத் துப்பாக்கி. ஒன்று சின்னக் குண்டு, இன்னொன்று பெரிய குண்டு. ஆனால் இரண்டு முனையிலும் குழாய் உட்காருகிற மவுண்ட் ஒரே ஜாடை. அங்கேதான் வம்பு. சின்னக் குண்டுக்கான குழாயைப் பெரிய துப்பாக்கியில் வைத்தாலும் 'டிக்' என்று அழகாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டதே, பொருத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சுட்டால் குண்டு முதல் தகட்டிலேயே மோதும். அப்புறம் குழாய் குழாயாக இருக்காது.

பெரிய ஓட்டைக் குழாயைச் சின்னத் துப்பாக்கிக்கு மாட்டினால் குண்டு போய்விடும். அதையும், குழாயைச் செய்த கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாளில் இந்தத் துப்பாக்கிக்கு ஆகும் என்று இருந்தால்தான் மாட்டலாம். அளவு ஒத்துப்போனாலும் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகமும் உள்ளே பிறக்கிற அழுத்தமும் வேறு.

நான் முதல் நாளே மின்சாரக்காரர்கள் ஒட்டுகிற டேப்பில் இரண்டு நிறம் வாங்கிவந்தேன். சின்னதுக்குப் பச்சை, பெரியதுக்குச் சிவப்பு. துப்பாக்கியிலும் குழாயிலும் ஒட்டினேன். பச்சை பச்சையோடு, சிவப்பு சிவப்போடு.

ஆர்.ஐ. ஐயா வந்து பார்த்தார். "இன்னாம்மா வளர்மதி, ஸ்கூல் பசங்களுக்கு ரிப்பன் கட்டின மாதிரி வச்சிருக்க?"

"மாறிடக் கூடாதுங்க ஐயா."

"உனக்குப் பயம் ஜாஸ்தி, நம்பிக்கை கம்மி."

அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு குத்தலாவது பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கிடங்கில் அவர் நிழல் விழுந்தாலே எனக்கு முதுகு நேராகிவிடும்.

அளவு பொருந்தினால் மட்டும் போதாது. குழாய் நேராகவும் உட்கார வேண்டும். அதற்கு ஒரு கம்பி உண்டு. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, முன்பக்கமிருந்து குழாய் வழியாகத் துப்பாக்கிக்குள் கம்பியை இறக்க வேண்டும். பிறகு முனையில் கண் வைத்துப் பார்த்தால் ஓட்டையின் நடுவில் கம்பி நிற்கும். கம்பியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மெலிந்தால் குழாய் சாய்ந்திருக்கிறது. மவுண்டில் மயிரிழை சாய்ந்தாலும் ஒரு சாண் தள்ளி முனைக்கு வருவதற்குள் அது வளர்ந்துவிடும்.

எங்கள் கிடங்கில் ஒரே விதி. குழாயைக் கழற்றி மாட்டினால், எத்தனை தடவை கழற்றினாலும், அத்தனை தடவையும் கம்பி பார்க்க வேண்டும்.

அந்த விதியை எழுதி ஒட்டியது யார் என்கிறீர்கள்? நான்தான்.

பொட்டு

இடையில் ஆயுத பூஜை வந்தது.

வருஷம் பூராவும் எண்ணெய் நாற்றம் அடிக்கிற எங்கள் கிடங்கில் அந்த ஒரு நாள் மட்டும் சாம்பிராணி வாசம் வரும். துப்பாக்கிகளை வரிசையாக மேசை மேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே அட்சதை. பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காய் உடைப்பதற்கு மட்டும் ஆர்.ஐ. ஐயா வருவார். வேறு யாரையும் உடைக்க விட மாட்டார்.

சந்தனம் வைப்பது என் வேலை. எங்கள் ஊர்த் துப்பாக்கிகளுக்கு எல்லாம் வைத்து முடித்தேன். ஓரத்து மேசையில் சிறப்புக் குழுவின் துப்பாக்கிகள் மட்டும் மொட்டையாக நின்றன. கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு இலை போடாத மாதிரி இருந்தது எனக்கு.

"விருந்தாளிக்கு வைக்காம நம்மளுது மட்டும் மினுக்கினா நல்லா இருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே அவற்றுக்கும் வைத்தேன். மற்ற துப்பாக்கிகளுக்குக் கட்டையில் ஒரு பொட்டோடு விட்டவள், இவை விருந்தாளிகள் ஆயிற்றே என்று இன்னும் ஒரு படி மேலே போனேன். இளங்கோவின் துப்பாக்கியில் பூட்டியிருந்த குழாயைக் கழற்றி, குழாய்க்குத் தனியாக ஒரு பொட்டு, மவுண்டுக்குத் தனியாக ஒரு பொட்டு. எல்லாவற்றின் மேலும் தாராளமாக அட்சதை.

"ஏம்மா, அது துப்பாக்கியா, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற பொண்ணா? இத்தினி அலங்காரம்?" என்று ஆர்.ஐ. ஐயா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஜயதசமி அன்று எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். இளங்கோவின் குழாயை மாட்டினேன். 'டிக்' என்றது.

கம்பி பார்க்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நினைவில் இருந்தது. நடுவில் கழற்றியதைக் கழற்றியதாகவே என் மனசு எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்காகக் கழற்றினால்தானே கழற்றியது? இது பூஜைக்குக் கழற்றியது. இப்படி ஒரு கணக்கு ஒரு ஆர்மரருக்கு வரலாமா? எனக்கு வந்தது.

மறுநாள் காலை, சுடுதளத்துக்குக் கிளம்பும்போது இளங்கோ கேட்டார்.

"அக்கா, கம்பி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு தம்பி."

"அப்ப சரி" என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மறு கேள்வி கேட்கவில்லை.

மஞ்சள் கீற்று

அவர் பாயில் படுத்திருந்தார். நான் மூன்றடி தள்ளி, கம்பியும் துணியும் இருக்கிற பையோடு நின்றுகொண்டிருந்தேன். மேகம் விலகி வெயில் சட்டென்று விழுந்தது. மவுண்டும் குழாயும் சேர்கிற இடத்தில், நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி, மஞ்சளாக ஒரு கீற்று.

சந்தனம்.

அப்போதுதான் கத்தினேன்.

இளங்கோ உடனே விரலை எடுத்தார். குண்டை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் திறந்து வைத்தார். பயிற்சி என்றால் அது பயிற்சி.

பெரிய அதிகாரி காதுமூடியைக் கழற்றினார். "என்ன ஆச்சு? யாரு இவங்க?"

என்ன சொல்வது? மஞ்சளாகத் தெரிந்தது என்றா? சும்மா மேலோட்டமாக ஒட்டிய கறையாக இருந்துவிட்டால்? கறைக்காக அதிகாரியின் நிகழ்ச்சியை நிறுத்தியவள் என்று ரிட்டயர் ஆகும் வரைக்கும் சொல்வார்கள். இல்லை, உள்ளேயும் இருந்தால்? அப்போது நான் நிறுத்தியது சரி. ஆனால் தப்பு செய்தவளும் நானே. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அண்ணாமலையாரைக் கூப்பிடக்கூட எனக்கு வழி இல்லை.

அப்போது ஆர்.ஐ. ஐயா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இதோ, எல்லோர் முன்னாலும் என்னை உரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க ஆர்மரருங்க ஐயா. அவங்க நிறுத்துன்னா நிறுத்திதான் ஆகணுங்க. காரணத்தை அப்புறம் கேட்டுக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவருக்குக் காரணம் தெரியாது. நான் சரியா, பைத்தியமா என்றும் தெரியாது. தெரியாமலே எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் வாழ்க்கையில் எனக்கு நன்மை செய்தவர்கள் உண்டு, பணமாக, சோறாக, படிப்பாக. ஆனால் நன்றி என்று நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்த கைதான்.

பிறகு என் காதருகே, பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் பாரு சனியனே" என்றார். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அட்சதை

பையிலிருந்து கம்பியை எடுத்தேன். துப்பாக்கி காலிதானா என்று நான் ஒரு தடவை, இளங்கோ ஒரு தடவை பார்த்தோம். கம்பியை இறக்கினேன். மண்ணில் மண்டியிட்டு முனையில் கண்ணை வைத்தேன்.

வளையம் வளையமாக இல்லை. வலது பக்கம் அகலமாக, இடது பக்கம் ஒன்றுமே இல்லாமல், பிறை மாதிரி இருந்தது. கம்பி தகட்டின் ஓரத்தில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களும் பாருங்க தம்பி" என்றேன்.

இளங்கோ பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"சுட்டிருந்தா?"

"தகட்டுல பட்டிருக்கும்."

"குழாய்?"

"பிச்சிக்கினு போயிருக்கும். முன்னாடி போவுமா, பக்கத்துல சிதறுமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவர் தன்னுடைய கன்னத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

குழாயைக் கழற்றினேன். மவுண்டின் விளிம்பில், குழாய் அழுந்தி உட்கார வேண்டிய இடத்தில், காய்ந்து கல்லாகிப் போன சந்தனம். அதற்குள் பாதி நசுங்கிய ஒரு மஞ்சள் அரிசி. நான் துடைத்தது வெளியே தெரிந்ததை மட்டும்தான்.

பெரிய அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"அட்சதைங்க ஐயா."

"துப்பாக்கிக்குள்ளயா?"

"பூஜைக்குப் போட்டதுங்க ஐயா."

"பூஜையா, கல்யாணமா?"

யாரோ பின்னால் சிரிப்பை அடக்க இருமினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "யார் போட்டது?"

ஆர்.ஐ. ஐயா தூரத்தில் மலையைப் பார்த்தார். காட்டிக் கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. அது தெரிந்ததால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"நான்தாங்க ஐயா. கழட்டினதும் நான், மாட்டினதும் நான். கம்பி பாக்காம, பாத்தாச்சுன்னு சொன்னதும் நான்."

பையில் இருந்த மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தேன். துணியால் துடைத்தேன். மறுபடி மாட்டினேன். கம்பி இறக்கினேன். வளையம் முழுசாக, எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக நின்றது. கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் அதே.

"இப்ப சரியா?" என்றார் அதிகாரி.

"சரிங்க ஐயா. தம்பி ஒரு தடவை பாத்துட்டா..."

"நீங்க பாத்தா போதும்க்கா" என்றார் இளங்கோ.

"போதாது தம்பி. காலையில நான் சொன்னதை நம்பித்தான வாங்கினு போனீங்க? பாருங்க."

பார்த்தார். தலையை ஆட்டினார். பாயில் படுத்தார். கன்னத்தை அதே இடத்தில் பதித்தார். என்னால் இன்றைக்கும் தாங்க முடியாத இடம் இதுதான். காலையில்தான் தன்னை ஏமாற்றிய ஒருத்தியின் கையிலிருந்து வந்த துப்பாக்கியில், ஒரு மனிதர் தன் முகத்தை மறுபடியும் கொண்டுபோய் வைத்தார்.

சுட்டார். தடித்த புத்தகத்தை மேசையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். மயில் அகவுவதைக்கூட நிறுத்தவில்லை. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் குறியைப் பார்க்கவில்லை.

வண்டிக்குப் போகும்போது இளங்கோ என்னிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். குடித்துவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே, "எனக்குப் பொண்ணு பொறந்து பதினோரு நாளு ஆவுதுக்கா. லீவு கிடைக்கல. இன்னும் நேர்ல பாக்கல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெமோ

மறுநாள் மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆர்.ஐ. ஐயா படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"'அவசரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன்'னு எழுதியிருக்க. நீ எங்கம்மா அவசரப்பட்ட? உக்காந்து நிதானமா, ரசிச்சு ரசிச்சு பொட்டு வச்ச. அதை எழுது."

எழுதினேன். "அன்பு மிகுதியால்" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தேன். அதை மட்டும் அவர் பேனாவால் அடித்தார். "கவர்மென்ட்டுக்கு அன்பெல்லாம் புரியாது."

எச்சரிக்கை என் பணிப் பதிவேட்டில் ஏறியது. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. என்னைவிடப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு நான் சல்யூட் அடித்தேன். என் வீட்டுக்காரருக்குத்தான் ஆத்திரம். "நீ கத்தலைன்னா அந்த ஆளு முகம் போயிருக்கும். கத்தினதுக்கா தண்டனை?" என்று குதித்தார். கத்தினதுக்கு இல்லை, வைத்ததுக்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தை நான் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

ஆயுத பூஜை நிற்கவில்லை. அடுத்த வருஷமும் சந்தனம் வைத்தோம். கட்டையில் மட்டும்.

நான் வேலையை விட்டு வந்து சில வருஷம் ஆகிறது. ஆர்.ஐ. ஐயாவும் ஓய்வு பெற்று, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறார். வழியில் என்னைப் பார்த்தால் "இன்னாம்மா, பொட்டு வச்சாச்சா?" என்று கேட்காமல் தாண்ட மாட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு இனிக்கிறது.

போன வாரம் இளங்கோவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துக் கையில் கப்போடு நிற்கிறாள், முன்பல் இரண்டு இல்லை. பக்கத்தில் அப்பா. "உங்களுக்குத்தான் முதல்ல அனுப்புறேன்க்கா" என்று கீழே எழுதியிருந்தார்.

அழகான குழந்தை. ஆனால் நான் படத்தைப் பெரிதாக்கியது அப்பா பக்கம். இரண்டு கண், மூக்கு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய மீசை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.